அம்மா: இரண்டு மதிப்பெண்

என் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளைச் சேர்க்கக் கொடுத்த பாலே நடனப் பள்ளி விண்ணப்பத்தில், அவள் பெயருக்கு முன்னால் இதைத்தான் கேட்டிருந்தார்கள்.

நான் ரிம்மா. எங்கள் ஊர் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். காலையில் ஐம்பத்திரண்டு இரும்புப் படிகள் ஏறி மேலே போய் உட்கார்ந்தால், கீழே செக்கச்செவேலென்று கிடக்கும் பாளங்களைத் தூக்கி இங்கிருந்து அங்கே வைப்பது என் வேலை. பதினாறு வருடத்தில் ஒரு பாளத்தைக்கூட யார் தலையிலும் போட்டதில்லை. போடவேண்டும் என்று ஆசை வந்தது இந்த ஒரு வருடத்தில்தான்.

என் மகள் கீராவுக்கு ஒன்பது வயது. அவள் ஆடுவாள். உருளைக்கிழங்குத் தோலைச் சீவச் சொன்னால் பாதியில் கத்தியை வைத்துவிட்டு ஆடுவாள். வானொலியில் வானிலை அறிக்கை வாசித்தால் அதற்கும் ஆடுவாள். கீழ்வீட்டுக்காரர் பொறுக்கமுடியாமல் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். அந்தத் தாளத்துக்கும் சேர்த்து ஆடுவாள். நன்றாகத்தான் ஆடினாளா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, எனக்கு இரும்பைப் பற்றித்தான் தெரியும். ஆனால் அவள் ஆடும்போது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பேன்.

அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று நினைத்தது என் தப்பு. எங்கள் தெருக்கோடியிலேயே ஒன்று இருக்கிறது, மஞ்சள் கட்டடம், வெள்ளைத் தூண்கள். நாற்பது வருடமாக நடக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் "நம்ம பாலே பள்ளி" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். அங்கே படித்து ஆடப்போனவர் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் முதல் சுற்று. பச்சைத் துணி விரித்த நீள மேசைக்குப் பின்னால் தேர்வுக் குழு. நடுவில் பள்ளி முதல்வர் அப்பொலினாரியா கென்ரிகோவ்னா. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு பாளத்தை இறக்கி வைத்துவிடுவேன். பக்கத்தில் டாக்டர் லியோன்தி. அவர் கழுத்தில் தொங்கியது தையல்காரர் வைத்திருக்கும் டேப்.

கீராவின் பாதத்தை அளந்தார்கள். பாதத்தின் வளைவை அளந்தார்கள். கழுத்தை, கையை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றுமில்லாத இடத்தையும் அளந்தார்கள். காலை இந்தப் பக்கம் தூக்கினார்கள், அந்தப் பக்கம் தூக்கினார்கள். லியோன்தி ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல மேசை "ஆஹா" என்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பெண்ணின் கழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் ஐந்து பேர் ஆஹா என்கிறார்களே!

எல்லாம் முடிந்ததும் கீரா கேட்டாள்.

"நான் எப்ப ஆடட்டும்?"

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"எங்க ஆடணும்?" என்றார் முதல்வர்.

"இங்கதான்."

"இது பாலே பள்ளி, பாப்பா. ஆடணும்னா பூங்கா இருக்கு, கல்யாண வீடு இருக்கு. அங்க போய் ஆடு."

மேசை முழுக்கச் சிரிப்பு. கீராவும் மரியாதைக்குச் சிரித்தாள். பிறகு முதல்வர் என்னை விரலால் கூப்பிட்டார்.

"தோழர் ரிம்மா, தப்பா எடுத்துக்கக்கூடாது. இது விஞ்ஞானம். பாப்பா இன்னிக்கு எப்படி இருக்கான்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இருபது வயசுல எப்படி இருப்பா? அது அவ உடம்புல இல்ல, உங்க உடம்புல இருக்கு. ஏறுங்க."

எடை பார்க்கும் மேடையில் ஏறினேன். எங்கள் ஆலையில் பழைய இரும்பை நிறுக்கும்போதுகூட எண்ணைக் கத்திச் சொல்ல மாட்டோம், சீட்டில் எழுதிக் கொடுப்போம். லியோன்தி கத்தினார்.

"தொண்ணூத்தி நாலு!"

பிறகு என்னைத் திரும்பச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் திரும்பச் சொன்னார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், அது ஒன்றுதான் பாக்கி. காலைத் தூக்கச் சொன்னார்கள்.

"நான் எதுக்குங்க தூக்கணும்?"

"எவ்வளவு தூரம் வரும்னு பாக்கணும்."

தூக்கினேன். பதினாறு வருடம் படி ஏறிய கால், நன்றாகவே வந்தது. மேசையிலிருந்த தண்ணீர்க் கூஜா விழுந்தது.

முதல்வர் ஈரமான தாள்களை உதறிக்கொண்டே கீராவைப் பக்கத்தில் இழுத்து, என்னைக் காட்டினார். "நல்லாப் பாத்துக்கோ பாப்பா. இதெல்லாம் உனக்குள்ள ஏற்கெனவே வந்து உக்காந்திருக்கு. நேரம் பாத்துக்கிட்டு இருக்கு."

கீரா பார்த்தாள். பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்தவள்தான். ஆனால் அன்றைக்கு அவள் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்த மாதிரி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த முதல்வரை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பெண்ணுக்கு இடம் வேண்டுமே.

அடுத்தது தந்தை. என் கணவர் சவேலி ஆற்றில் இழுவைப்படகு ஓட்டுகிறவர், குளிர்காலம் வந்து ஆறு உறைந்தால்தான் வீட்டுக்கு வருவார். "ஆள் வேண்டாம், அளவு போதும்" என்றார்கள். தபால் நிலையத்துக்குப் போய்த் தந்தி எழுதினேன்: உன் கழுத்து நீளம் உடனே அனுப்பு. அங்கிருந்த பெண் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சங்கேத வார்த்தையில எல்லாம் எழுதக்கூடாதுங்க" என்றாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: கழுத்து இருக்கிறது. குடித்திருக்கிறாயா. குழு அதைக் கோப்பில் வைத்துக்கொண்டது.

ஒரு வாரத்தில் வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஐந்துதான் முழு மதிப்பெண், இரண்டு வாங்கினால் தோல்வி. கீராவின் பெயருக்கு நேரே இப்படி இருந்தது. பாதம் ஐந்து. கழுத்து ஐந்து. கை ஐந்து. தந்தை, கழுத்து உண்டு, மூன்று. அம்மா இரண்டு. அனுமதி இல்லை.

நான் படிக்கிற காலத்தில் கணக்கில்கூட இரண்டு வாங்கியதில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர் பெண் ரொம்ப அன்பானவள். "அழாதீங்க. மேல்முறையீடு பண்ணலாம். குறையைச் சரிபண்ணிட்டு ஒரு மாசத்துல வாங்க," என்று ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் 'சரிசெய்யப்பட வேண்டிய பகுதி' என்று ஒரு கட்டம். நான் சிரமப்பட வேண்டாமென்று அவளே அதில் பென்சிலால் 'அம்மா' என்று எழுதி வைத்திருந்தாள்.

பட்டினி கிடந்தேன். முட்டைக்கோஸை வேகவைத்து உப்பில்லாமல் தின்றேன். மூன்றாம் நாள் கிரேனில் தலை சுற்றியது, மேற்பார்வையாளர் கீழே இறக்கிவிட்டு, "உனக்கு என்ன பைத்தியமா? அங்க இருந்து நீ விழுந்தா கீழ இருக்கிறவன் கதி என்ன?" என்று திட்டினார். வீட்டில் அதைவிட மோசம். கீரா என் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்து டப்பாவில் வைத்து மூடினாள். தன் தட்டிலிருந்ததையும் எடுத்து வைத்தாள். வானொலி பாடிக்கொண்டே இருந்தது, அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டுக்காரரே ஒரு நாள் மேலே வந்து, "பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலைதான் அவள் கேட்டாள்.

"அம்மா, உனக்குப் பதிலா எல்வீரா அத்தை வரட்டுமா?"

எல்வீரா என் கணவரின் தங்கை, மருந்துக் கடையில் வேலை. ஊசியில் கோத்த நூல் மாதிரி இருப்பாள். நான் போய்க் கேட்டபோது அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"அண்ணி, நான் மெலிஞ்சிருக்கிறது அழகுக்கு இல்ல. வயித்துப் புண்ணு. மூணு வருஷமா கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கலை. என்னையப் போயி யாராவது காட்டுவாங்களா?"

"அவங்களுக்கு அதுதான்டி வேணும்."

எப்படி ஒப்புக்கொண்டாய் என்று கேட்பீர்கள். உங்கள் பெண் பாட்டு கேட்டும் ஆடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நீங்களும் வேறு அம்மாவைத் தேடிப் போயிருப்பீர்கள்.

மேல்முறையீட்டு நாளில் நானும் போனேன், மூன்று பேருடைய கோட்டுகளையும் சுமந்துகொண்டு. நான் கதவோரம் நின்றேன். எல்வீரா மேடையில் ஏறினாள்.

"நாப்பத்தி ஒம்போது!" என்று லியோன்தி கத்தியபோது அவர் குரல் தழுதழுத்தது.

"இந்தக் கன்னத்து எலும்பைப் பாருங்க!" என்றார் முதல்வர். "இந்த நிறத்தைப் பாருங்க, மெழுகு! கண்ணுக்குக் கீழ இந்த நிழல், இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது." எல்வீராவுக்கு அப்போது பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. குனிந்தாள். "ஆ, என்ன ஒரு குனிவு!" என்றது மேசை.

பிறகு முதல்வர் கோப்பைப் புரட்டினார். "ஒரு நிமிஷம். போன தடவை வந்தது யாரு?"

பதில் சொன்னது கீரா.

"பக்கத்து வீட்டுக்காரங்க."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் கோட்டுகளைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

அம்மாவுக்கு ஐந்து. சேர்த்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் வகுப்பு தொடங்கியது. வகுப்பு என்றால் என்ன என்று சொல்கிறேன். திங்களும் வியாழனும் அளப்பார்கள். மற்ற நாட்களில் பிள்ளைகள் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஒட்டி வைத்து, வயிற்றை உள்ளே இழுத்து, மோவாயைத் தூக்கி நிற்பார்கள். திங்கட்கிழமை எடுத்த அளவு வியாழன்வரை மாறாமல் நிற்க வேண்டும், பாடமே அதுதான். நவம்பரில் கீரா மறுபடி ஒருமுறை எப்போது ஆடுவது என்று கேட்டிருக்கிறாள். "அவசரப்படாதே, அது கடைசிப் படி" என்றார்களாம். அதன்பின் அவள் கேட்கவில்லை.

அம்மாக்கள் மாடியில் ஒரு பெஞ்சில் உட்காரலாம். பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு மாடியில் அனுமதி கிடையாது, கீழே கோட்டு மாட்டும் அறையில்தான் நிற்க வேண்டும். முதல் நாள் நான் அங்கே போனபோது ஏற்கெனவே பத்துப் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் என் சைஸ்தான், ஒன்றிரண்டு பேர் என்னையும் மிஞ்சினவர்கள். ரொட்டி ஆலையில் வேலை பார்க்கும் தைசியா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நீங்க யாரு?" என்றாள்.

"பக்கத்து வீடு. நீங்க?"

"நான் எம் பொண்ணுக்கு ஒண்ணுவிட்ட சித்தி." சொல்லிவிட்டு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். "அங்க நிக்கிறாளே, அவ தபால்காரி. இவ மாடிவீடு. நாங்க எல்லாம் இங்கதான் இருக்கோம்."

"அப்ப மேல உக்காந்திருக்கிறது?"

"எனக்குப் பதிலா ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர். ஒல்லிக் குச்சி. வாரா வாரம் ரெண்டு கிலோ பாலாடைக்கட்டி குடுக்கிறேன் அவளுக்கு. அதைத் தின்னு தின்னு இப்ப அவளும் குண்டாகிட்டு வர்றா, அதான் பயமா இருக்கு."

பதினோரு குழந்தைகளைப் பெற்ற பதினோரு பேரும் கோட்டுகளுக்கு நடுவில் நின்றோம். தைசியா கொண்டுவந்த கோஸ் அடைத்த பணியாரத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். மேலே பியானோ சத்தம் கேட்கும். பியானோ வாசித்தால் ஆடுகிறார்கள் என்று ஆரம்பத்தில் நாங்களும் நினைத்தோம்.

பிப்ரவரியில் ஆண்டு விழா. அன்றைக்கு மட்டும் அக்கம்பக்கத்தாரும் கடைசி வரிசையில் உட்காரலாம். திரை விலகியது. பதினோரு பிள்ளைகளும் பக்கவாட்டில் திரும்பி நின்றார்கள். பியானோ வாசித்தது. லியோன்தி முன்னால் வந்து ஒவ்வொரு பிள்ளையின் அளவையும் உணர்ச்சியோடு வாசித்தார். ஒரு பெண்ணின் கணுக்காலுக்கு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கீராவின் கழுத்துக்கு ஒரு கிழவர் பூங்கொத்து எறிந்தார். பிள்ளைகள் அசையவில்லை. திரை மூடியது.

முதல்வர் திரைக்கு முன்னால் வந்து பேசினார்.

"நாப்பது வருஷம்! இந்தப் பள்ளியிலேர்ந்து வெளிய போன ஒருத்தராவது மோசமா ஆடினாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஏன்? நாங்க யாரையும் அந்த நிலைமைக்கு விட்டதில்ல! மத்த ஊர்ல எல்லாம் புள்ளைங்களை ஆட விடறாங்க. ஆடினா விழறாங்க, வேர்க்குது, மூச்சு வாங்குது. அழகு கெட்டுப்போகுது. நம்மகிட்ட ஒரு புள்ளை கெட்டுச்சுன்னு காட்டுங்க பாப்போம்!"

கை தட்டி முடிக்க ஐந்து நிமிடமாயிற்று. பிறகு அம்மாக்களை மேடைக்கு அழைத்துச் சிவப்புப் பூ கொடுத்தார்கள். எல்வீரா என்னைத் தேடித்தேடிப் பார்த்தாள், பாவம். தைசியா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பூவை அவங்க வாயிலயே அடைக்கணும்," என்று பல்லைக் கடித்தாள். அடைத்திருக்க வேண்டும். நாங்கள் பதினோரு பேர் எழுந்திருந்தால் அந்தத் தூண்களே ஆடியிருக்கும். ஆளுக்கொரு பிள்ளை மேலே நிற்கிறதே என்று உட்கார்ந்திருந்தோம்.

மார்ச்சில் எல்வீராவுக்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடி முடிந்தது. ஏப்ரல் கடைசியில் பள்ளியிலிருந்து அழைப்பு: தாயை மறு அளவை செய்ய வேண்டும், அடுத்த நாள் தலைநகரிலிருந்து ஆய்வாளர் வருகிறார், கோப்புகள் சரியாக இருக்க வேண்டும்.

முதல்வர் அறைக்குள் அவளும் கீராவும் போனார்கள். நான் வெளியே கோட்டுகளோடு நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அறுபது!" என்று லியோன்தி சொன்னார். இந்த முறை கத்தவில்லை, சாவுச் செய்தி சொல்கிறவர் குரலில் சொன்னார்.

"தோழர் எல்வீரா, உங்களை என்ன பண்ணிக்கிட்டீங்க?" என்றார் முதல்வர்.

"ஆபரேஷன் பண்ணினாங்க. புண்ணு ஆறிப்போச்சு. இப்ப எல்லாம் சாப்பிடறேன், கட்லெட்கூட."

"எங்களை ஒரு வார்த்தை கேக்காமலா?"

"வலிச்சுதுங்க."

"எல்லாருக்கும்தான் வலிக்குது. டாக்டர், எழுதுங்க. தாய் கெட்டுப்போய்விட்டார்." கொஞ்ச நேரம் பேனா கிறுக்கும் சத்தம். பிறகு முதல்வர் குரல் கனிந்தது. "கீரா, நீ நல்ல புள்ளை. உனக்கு ஒரு வாய்ப்பு தரேன். உனக்கு வேற அம்மா யாராவது இருக்காங்களா?"

கதவு இடுக்கில் கீராவின் முகம் தெரிந்தது. அவள் நேராக என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை. தோளை, இடுப்பை, காலைப் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றாள்.

அவ்வளவுதான். கோட்டுகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"இருக்கேன். நான்தான் இவளைப் பெத்தவ. பக்கத்து வீடும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஏழு மாசமா உங்க கோட்டு ரூம்ல நிக்கிறேன். எங்கிட்ட பேச வேண்டிய புள்ளையை எம்மேல டேப் வச்சுப் பாக்க வச்சிட்டீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா?"

முதல்வர் கோபப்படவே இல்லை. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பழைய பக்கத்தை எடுத்தார். "நல்லதாப் போச்சு. பெயர் நீக்கறதுக்குப் பெத்த அம்மா கையெழுத்து வேணும். இவங்க கையெழுத்து செல்லாது." தாளில் 'அம்மா' என்ற இடத்தில் என் பெயரைத் தன் கையாலேயே அழகாக எழுதி என் பக்கம் தள்ளினார். ஒரு சான்றிதழ் கேட்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை வெளியே அனுப்ப மட்டும் நான் அம்மாவாகிவிட்டேன்.

"போடறேன்," என்றேன். "முதல்ல என் பொண்ணு ஆடணும். உங்க முன்னாடி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க. அதுவரைக்கும் பேனாவைத் தொட மாட்டேன். நாளைக்கு உங்க ஆய்வாளர் வந்து மூடாத கோப்பைப் பாக்கட்டும்."

முதல்வரும் டாக்டரும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு எல்லாரும் பெரிய கூடத்துக்குப் போனோம். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பியானோக்காரம்மா எதையோ வாசிக்க ஆரம்பித்தாள், துள்ளலான பாட்டு, வானொலியில் வருவதுதான்.

கீரா கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"ஆடு, கண்ணு," என்றேன். "வீட்டுல ஆடற மாதிரி ஆடு."

அவள் குதிகால்களை ஒட்டி வைத்தாள். வயிற்றை உள்ளே இழுத்தாள். மோவாயைத் தூக்கினாள். பிறகு இரண்டு கைகளையும் மெதுவாகப் பக்கவாட்டில் உயர்த்தினாள். இதோ ஆடப்போகிறாள் என்று நினைத்தேன். பாட்டு ஓடியது. கைகள் அங்கேயே நின்றன. அவள் கண் லியோன்தியின் கழுத்திலிருந்த டேப்பில் இருந்தது. அவரும் பழக்கதோஷத்தில் அதை உருவிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் பியானோ நின்றுவிட்டது. ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"கையை இறக்கு, கண்ணு. இனிமே யாரும் உன்னை அளக்க மாட்டாங்க. நீ ஆடு."

கீரா கையை இறக்கவில்லை.

"அளக்காம எப்படிம்மா ஆடறது?" என்றாள்.